140 முதல் 156 வரை

ஒரே பிரதிதான். ஆறு பேர்.
ஆளுக்கு ஐந்து நாள் என்று
ஷாகிரா தன் ஜெராக்ஸ் கடைக் காலண்டரில்
பெயர் எழுதி வைத்தாள்.
என் முறை வந்தபோது
நாவலின் நடுவே ஒரு கிளிப்.
நூற்று நாற்பதிலிருந்து நூற்று ஐம்பத்தாறு வரை
சேர்த்துப் பிடித்திருந்தது.
யார் போட்டதென்று கேட்கவில்லை.
எதற்குப் போட்டதென்று தெரியும்.

கிரானைட் பட்டறையில் கணக்கை மூடிவிட்டு
காவேரிப்பட்டணம் டவுன் பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து
அணைக்குத் திரும்பும் கூட்டுரோட்டில்
இரண்டு பேர் இறங்குவதற்குள்
கிளிப்பைக் கழற்றினேன்.
பதினேழு பக்கம்.
அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்.
டாக்டர் தாமதமாக வருகிறார்.
இதற்கா இத்தனை காவல் என்று
சிரிப்புகூட வந்தது.

இரண்டாம் ஞாயிறு, ரவுண்டானா பக்கம்,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே மாங்காய் லாரிகள்
கூழ் ஆலைக்கு வரிசை கட்டி நிற்க
கிருஷ்ணகிரியே புளித்து இனிக்கிற மாதம்.
எடைமேடையிலிருந்து நேராக வந்த திம்மராயன்
சட்டைப்பையில் டோக்கன் துருத்த
"அந்த டாக்டரை அவ மன்னிச்சது தப்புங்க" என்றார்.
"டாக்டரை விடுங்க, புருஷனை மன்னிச்சாளே!"
இது பவுலின்,
இருபது வருசம் வார்டில் ராத்திரி டூட்டி பார்த்தவள்.
கண்டக்டர் மாதையன்
இருநூற்று ஒன்பதாம் பக்கத்தை
ஸ்டாப்பிங் சொல்கிற குரலில் வாசித்தார்:
விளக்கேற்றி வைத்துவிட்டு
எல்லோரையும் மன்னித்தாளாம்.

எல்லோரும் என்றால் யார் யார்?
விரல் மடக்கினார்கள்.
டாக்டர். புருஷன். பஸ்ஸைத் தவறவிட்ட நாத்தனார். சாமி.
"தன்னையும்" என்றாள் ஷாகிரா, மெதுவாக.
நடுநடுவே என்னைப் பார்த்துக்கொண்டார்கள்,
அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி.

"பிள்ளையை விட்டுட்டீங்க" என்றேன்.

ஃபேன் சுற்றியது.
"அது என்ன பண்ணுச்சு, பாவம், காய்ச்சல்ல…"
பவுலின் முடிக்கவில்லை.

அந்தப் பிள்ளை ஒன்றும் பண்ணவில்லை.
அதனால்தான் அவளுக்கு
இருநூற்று ஒன்பதில் முடிந்துவிட்டது.
என் பிள்ளை பொய் சொன்னான்.
டியூஷன் என்றான்.
கிராஃப் தாள் வாங்கணும் என்று
என்னிடமே பத்து ரூபாய் வாங்கிப் போனான்.
அணைக்கரையில் பை கிடந்தது.
கணக்கு நோட்டை பாலிதீன் கவரில் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தான்,
நனையக் கூடாதென்று.
அவ்வளவு யோசித்தவன்.
நோட்டுக்கு யோசித்தவன்.

இதை வாய்விட்டுச் சொன்னேனா
உள்ளுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேனா,
சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.
மாதையன் கண்ணாடியைக் கழற்றி
துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

நாலு வருசம்.
அழுதபோதெல்லாம் ஆள் இருந்தது.
செத்த பிள்ளையைத் திட்டுகிறவளை
யாரும் உட்காரவைத்து மோர் கொடுப்பதில்லை.

திம்மராயன் பையைத் துழாவி
ஒரு பெங்களூரா மாங்காயை எடுத்தார்.
"இந்த வருசம் விலையே இல்லைங்க" என்றார்,
யாரிடமும் இல்லாமல்.
ஷாகிராவின் பேப்பர் கட்டர்தான் கத்தி.
பத்தையெல்லாம் அவர்களுக்குப் போக
கொட்டையை
யாருக்கென்று கேட்காமல் என் பக்கம் தள்ளினார்.
உப்பு இருந்தது, மிளகாய்த்தூள் இல்லை.
"அடுத்த மாசமாச்சும் சமையல் புத்தகம் எடுப்போம்"
என்றாள் பவுலின்.
சிரித்தோம். நானும்.

லைப்ரரிக்கு நாளை திருப்ப வேண்டும்.
கிளிப் என் பர்ஸில்,
சில்லறையோடு கிடக்கிறது.

கடைசிக்கு முந்தின பஸ்.
கூட்டுரோடு வந்தது.
யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை,
ஆனாலும் வண்டி நின்றுதான் போனது.
அணைப்பக்கம் ஒரே இருட்டு.
தினமும் சொல்கிறதுதான்,
இன்றைக்குக் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போல,
முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்:

"வீட்டுக்கு வாடா.
இருக்கு உனக்கு."